பின்னால் வந்த ஒற்றை விடைத்தாள்

ஒப்பந்தச் சட்டப் பரீட்சையன்று மண்டபத்தில் ஒரு கதிரை வெறுமையாகக் கிடந்தது. அதற்கு முன்னான மேசையில் சுட்டிலக்கம் ஒட்டிய கடதாசி, மின்விசிறிக் காற்றுக்கு ஒரு மூலை கிளம்புவதும் அடங்குவதுமாக இருந்தது. முந்திய மூன்று பரீட்சைகளுக்கும் கிளிவெட்டி அக்கா இருந்த இடம் அது. வராதவர்களின் இலக்கத்தை இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்ப்பதுதான் வழக்கம். மேற்பார்வைக்கு நின்றவர் கூப்பிடவே இல்லை. அப்படியென்றால் அக்கா வரமாட்டா என்று அவருக்கு முன்னமே தெரியும். வினாத்தாளை விரிப்பதற்கு முன்பே எனக்குச் சந்தேகம் விரிந்துவிட்டது.

அக்கா எங்களைவிட எட்டு ஒன்பது வயது மூத்தவ. தன் ஊரான கிளிவெட்டியில் விடிய முதல் பஸ்ஸில் ஏறி, கிண்ணியாப் பாலம் கடந்து, உள்துறைமுகத்துக்கு மேலே இருந்த எங்கள் சட்டக் கல்லூரிக்கு எல்லோருக்கும் முதல் வந்து சேருவா. கப்பல் சங்கு ஊதினால் விரிவுரையாளர் வசனத்தைப் பாதியில் நிறுத்துவார். நாங்கள் அந்த இடைவெளியில் கதைத்துச் சிரிப்போம். அக்கா மட்டும், எழுதாமல் விடுபட்ட குறிப்பை எழுதி முடிப்பா. கெட்டிக்காரி. ஆனால் தன்னைப் பற்றி ஒரு சொல் வெளியே விடாதவ. வாய் திறக்காத ஆட்களை நான் அந்த நாட்களில் நம்புவதில்லை.

பரீட்சை விதிக் கைந்நூலைப் பாடமாக்கி வைத்திருந்த ஒரே மாணவி நான்தான். யாரும் கேளாமலே வாசகத்தைச் சொல்லுவேன், பக்க இலக்கத்தோடு. குறித்த நாளில் எழுத ஏலாதவர் பரீட்சை அலுவலகத்துக்கு விண்ணப்பித்து வேறு நாள் கேட்கலாம். தேவையானால் மேலதிக நேரமும் கிடைக்கும். காரணம் அலுவலகத்துக்கு வெளியே போகாது. எழுதி முடித்தவர் எழுதாதவரோடு வினாத்தாளைப் பற்றிக் கதைக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியில்தான் என் கண் ஊன்றி நின்றது. ஏனென்றால் அன்று பின்னேரம் பஸ் நிலையத்தில் அக்காவைக் கண்டனான். பரீட்சைக்கு வராதவவுக்குப் பட்டினத்தில் என்ன வேலை? அவவுக்குப் பக்கத்தில், கையை ஆட்டி ஆட்டிக் கதைத்துக்கொண்டு நின்றவன் எங்கள் வகுப்பில் முதலாவதாக வருகிறவன்.

இரண்டு நாள் கழித்து, பரீட்சைப் பொறுப்பாளர் மிஸ்ஸின் அறைக்குள் அக்கா இருந்து எழுதினா. நான் எதிரே நூலகத்தில் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தேன். எங்களுக்கு மூன்று மணித்தியாலம்; அவவுக்கு நாலு. மிஸ்ஸின் ஊர் மூதூர், அக்காவின் ஊர்ப் பக்கம்தான். மூதூருக்கும் கிளிவெட்டிக்கும் எவ்வளவு தூரம் என்று மனம் தானாகவே கணக்குப் போட்டது. ஊர்ப்பாசம், மேலதிக நேரம், முதல் மாணவனின் உதவி. ஒரு வழக்கே முடிந்துவிட்ட மாதிரி இருந்தது.

அடுத்த நாள் ஒப்பந்தச் சட்ட விரிவுரையாளர் படியேறி வரும்போது மறித்தேன். "சேர், கிளிவெட்டி அக்கா நேற்றுத்தான் எழுதினவ. அதுக்கு முதல் கேள்வியெல்லாம் கேட்டுத் தெரிஞ்சுகொண்டா எண்டு நினைக்கிறன்."

அவர் கைப்பையை மற்றக் கைக்கு மாற்றினார். "பின்னால வந்தது ஒரேயொரு விடைத்தாள், பிள்ளை. இலக்கம் மட்டும்தான் இருந்தது. இப்ப அது ஆரிட எண்டு எனக்குத் தெரிஞ்சு போச்சு. நான் அதைத் திருத்தேலாது."

அதுவும் கைந்நூலில் உள்ளதுதான். புள்ளிகள் பதியும்வரை, நாள் மாற்றி எழுதியவர் யார் என்று திருத்துகிறவருக்குத் தெரியக் கூடாது. மாணவர் தானாகச் சொன்னாலும், பிறர் சொன்னாலும், அந்த விடைத்தாள் தள்ளுபடி. பக்க இலக்கம்கூட எனக்கு நினைவிருந்தது. அக்கா எழுதிய நாலு மணித்தியாலத்தை நான் படிக்கட்டில் வைத்து ஒரு வசனத்தால் அழித்துவிட்டேன்.

மிஸ் என்னையும் அந்த மாணவனையும் கூப்பிட்டு விசாரித்தா. அவன் ஆச்சரியப்பட்டான். "நான் கேள்வித்தாளைப் பற்றிக் கதைக்க வெளிக்கிட, 'நான் இன்னும் எழுதேல்ல, சொல்லாதையும்' எண்டு அக்கா மறிச்சவ, மிஸ். பிறகு நான் கிரிக்கெட் கதைதான் கதைச்சனான்." மிஸ் எழுதிக்கொண்டா. நான் விடவில்லை; அவ ஏன் அன்று வரவில்லை என்று கேட்டேன். மிஸ் பேனையை மூடினா. "அது தெரிஞ்சாத்தான் உமக்கு நித்திரை வருமோ?" என்றா. கோபமே இல்லாத குரல். அதைக் கேட்டபோதும், என்னவோ மறைக்கிறா என்றுதான் நினைத்தேன்.

அக்காவுக்கு இரண்டு வழி இருந்தது: வேறொரு விரிவுரையாளர் தயாரிக்கும் புது வினாத்தாளுக்கு எழுதுவது, அல்லது ஒரு வருடம் காத்திருப்பது. பட்டினத்தில் ஒரு சட்டத்தரணி அவவைப் பயிற்சிக்கு எடுக்க ஒத்துக்கொண்டிருந்தார். பெறுபேறு நேரத்துக்கு வந்தால் மட்டும். அக்கா மறுபடி எழுதினா. அதே அறை, அதே நாலு மணித்தியாலம். சித்தியடைந்தா. ஆனால் அவவின் பெறுபேறு எங்கள் எல்லோருக்கும் பிந்தி வந்தது. அதற்குள் அந்த இடம் இன்னொருவருக்குப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்கப் போன என்னிடம், "பஸ்ஸுக்கு நேரமாச்சு தங்கச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தா.

இப்போது நான் திருகோணமலையில் ஒரு மூத்த சட்டத்தரணியிடம் கனிட்டராக இருக்கிறேன். சந்தேகப்படுவதுதான் இங்கே வேலை. காணி உறுதிப் பத்திரத்தில் உள்ள கையெழுத்தை, சாட்சி தடுமாறும் இடத்தை, அளவுக்கு மேல் தெளிவாகச் சொல்லப்படும் கதையை. அதில் நான் வலு கெட்டிக்காரி என்கிறார்கள். அப்படிச் சொல்லும்போது எனக்கு மகிழ்ச்சி வரத்தான் செய்கிறது. கூடவே அந்தப் படிக்கட்டும் வருகிறது. விதிகளை அத்தனை சுத்தமாகத் தெரிந்த ஒருத்தி அந்த ஒரு விதியை மறந்து சொன்னாளா, அல்லது தெரிந்துதான் சொன்னாளா? என்னையே கூண்டில் ஏற்றிக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். சாட்சி தடுமாறுகிறது.

போன மாதம் ஒரு காணி வழக்குக்காக மூதூர் நீதிமன்றத்துக்குப் போனேன். எதிர்த்தரப்பில் கறுப்புக் கோட்டோடு எழுந்து நின்றவ கிளிவெட்டி அக்கா. மூதூரிலேயே பயிற்சி எடுத்து, அங்கேயே தொழில் செய்கிறாவாம். வழக்கு வேறு நாளுக்குத் தவணை போடப்பட்ட பிறகு, தேத்தண்ணிக் கடையில் எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி சொன்னா. அவவின் பிள்ளைகளைப் பற்றி, ரோட்டைப் பற்றி, நீதவானின் கண்டிப்பைப் பற்றிக் கதைத்தோம். என் தேத்தண்ணி ஆறிப்போனது. அவ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தா.

"அண்டைக்கு நான் ஏன் வரேல்ல எண்டு இன்னும் கேக்க வேணும் போல கிடக்கோ?"

"ஓம் அக்கா."

"கேளாதையும்" என்றா. "சீனி போதுமோ?"