அண்ணன் பலகையில் உட்கார்ந்து வந்தேன்

இன்று கும்பகோணம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, அரியலூர் திரும்பக் கொள்ளிடத்தைப் படகில் கடந்தேன். ஆற்றில் நல்ல தண்ணீர்.

"படகு யாருதுங்க?" என்று கேட்டேன்.

துடுப்புப் போட்ட படகுக்காரர் கொளஞ்சி சிரித்தார். "எங்க உக்காந்திருக்கீங்களோ அதப் பொறுத்துங்க. ஏழு வூட்டுக்கும் பொதுப் படகு. வூட்டுக்கு ரெண்டு பலகை, வாரத்துல ஒரு நாள் முறை. வாடகைக்கு வேணும்னா அன்னிக்கு முறைக்காரரத்தான் கேக்கணும். பலகை கெட்டா பலகைக்காரர்தான் பாக்கணும்."

நடு ஆற்றில் என் காலடியில் தண்ணீர் கசிந்தது. காலைத் தூக்கிக்கொண்டேன்.

"அது எங்கண்ணன் பலகைங்க. நாங்க பேசிக்கிட்டு எட்டு வருஷமாச்சு," என்று சொல்லித் தன் துண்டை என்னிடம் போட்டார். "இத வச்சு மிதிச்சுக்கிட்டே வாங்க."

கரையில் ஒருவர் பஞ்சும் தாருமாக நின்றிருந்தார். அண்ணன்தான். படகு சாய்ந்து வருவதைத் தூரத்திலேயே பார்த்திருக்கிறார். நாங்கள் இறங்கியதும் குனிந்து விரிசலை அடைக்க ஆரம்பித்தார்.

தம்பி ஆற்றைப் பார்த்துச் சொன்னார்: "படகே, ஓரத்துல இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்லு."

அண்ணன் தலை நிமிராமல் சொன்னார்: "படகே, அவன மொதல்ல வூட்டுக்குப் போயி சாப்புடச் சொல்லு. நான் பாத்துக்கறேன்."

ஈர வேட்டியோடு அசந்துபோய் நின்றேன்.

எங்கள் காம்பவுண்டில் நாலு வீட்டுக்கு ஒரே தண்ணீர் மோட்டார். மூன்று நாளாகக் கெட்டுக் கிடக்கிறது, சரிபார்க்க ஆளில்லை. இத்தனைக்கும் நாலு வீட்டாரும் தினமும் நன்றாகத்தான் பேசிக்கொள்கிறோம்.

பேச்சை நிறுத்திவிட்டு மோட்டாரிடம் சொல்லிப் பார்க்கலாமா? சொல்லுங்கள்.