யார் வீடு என்று கேட்கக் கூடாது

எங்கள் சமூகப்பணித் துறையில் ஒரு வழக்கம் உண்டு. யாரைப் பற்றி ஆராய்கிறோமோ அவர்களும் கூட உட்கார்ந்து ஆராய வேண்டும். முடிவுகளை மேடையேறிச் சொல்வதும் அவர்கள்தான். கேட்க நன்றாகத்தான் இருக்கும். மேடைக்குக் கீழே நின்று பதறுகிற வேலை என்னைப் போன்ற ஆய்வாளர்களுக்கு.

அந்த முறை வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பற்றிய ஆய்வு. சைதாப்பேட்டையில் ஆற்றோரம் குடியிருக்கும் ஒரு அக்கா எங்களோடு சேர்ந்து மற்றப் பெண்களிடம் பேசினார், தன் கதையையும் சொன்னார். அடையாறில் ஒரு வீட்டில் அவருக்கென்று தனி டம்ளர். பால்கனியில், வாஷிங் மெஷின் பக்கத்தில் இருக்கும். அவரே எடுத்து, அவரே கழுவிக் கவிழ்க்க வேண்டும். அது யார் வீடு என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது எங்கள் விதி. பேர் தெரிந்தால் எங்காவது வாய் தவறிச் சொல்லிவிடுவோம், அவர்கள் பிழைப்பு போய்விடும். அந்த விதியில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

முடிவுகளைச் சொல்லும் கூட்டத்தன்று அரங்க வாசலில் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். முன்வரிசையில், ஆய்வைப் பற்றிக் கருத்துச் சொல்ல வந்திருந்த வேறு துறைப் பேராசிரியை உட்கார்ந்திருந்தார்.

"அத்தோ, கண்ணாடி போட்டுக்கினு கீறாங்களே, அவங்கதாம்மா அந்த டம்ளர் வூட்டம்மா."

டம்ளர் கதை இருந்த எங்கள் அறிக்கையை அந்தப் பேராசிரியை முன்பே படித்திருந்தார், அனுப்பியதே நான்தான். அக்காவின் வாடகையும் மகளின் படிப்பும் பெரும்பாலும் அந்த வீட்டுச் சம்பளத்தில்தான் ஓடுகிறது. உடம்பு சரியில்லை என்று கிளம்பிவிடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். இவ்வளவு நாள் மேடைக்காகப் பேசிப் பழகியது வீணாகப் போகவா என்று அவர் மேடையேறிவிட்டார்.

அவரைப் பார்த்ததும் பேராசிரியைக்கு முகமெல்லாம் சிரிப்பு. எங்கள் வீட்டில் வேலை செய்கிறவர் என்று பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையாகச் சொன்னது எனக்கே கேட்டது. அக்கா லீவு, சம்பளம், லிஃப்டில் ஏறவிடாத வாட்ச்மேன் என்று எல்லாம் பேசினார். டம்ளரைத் தொடவே இல்லை. பிழைத்தோம் என்று நான் நினைத்த நேரத்தில் பேராசிரியை மைக்கை வாங்கினார்.

அறிக்கையில் தன்னை மிகவும் உலுக்கியது அந்த டம்ளர்தான் என்றார். இந்தக் காலத்திலும் இப்படி ஒரு வீடா, அது எங்கே இருக்கிறது என்று அக்காவிடமே கேட்டார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. நடிப்பென்று தெரிந்திருந்தால்கூட நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அக்கா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மைக்கை நெருங்கினார்.

"பேரு, வூடு எதுவும் சொல்லக் கூடாதும்மா. எங்க ஆய்வுல அதான் ரூலு."

அரங்கம் கைதட்டியது. பேராசிரியையும் தட்டினார்.

வீட்டுக்குப் போய் அவர் பால்கனிப் பக்கம் திரும்பினால் என்ன ஆகும்? மறுநாள் காலை முழுக்க எனக்கு அதே நினைப்பு. மத்தியானம் பொறுக்க முடியாமல் அக்காவுக்கு போன் செய்தேன். வேலைக்குப் போய்விட்டுத்தான் வந்தாராம். நன்றாகப் பேசினாய் என்று அந்தம்மா பாராட்டினாராம், ஸ்ட்ராங்காகக் காபியும் போட்டுக் கொடுத்தாராம். அப்பாடா என்றிருந்தது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. காபியை எதில் கொடுத்தார்கள் என்று கேட்டேன்.

"இன்னாம்மா கேள்வி இது," என்றார். "டம்ளரு பால்கனிலதான கீது. நாந்தான் போய் எடுத்தாந்தேன்."