அட்டைக்கு வெளியே செருப்பு

என் கோணல் எழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை.

அப்போது சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் அட்டை விரித்துத் தங்கியிருந்தேன். காலில் சர்க்கரைப் புண். ஆஸ்பத்திரியில் முகவரி கேட்பார்கள் என்று கூச்சப்பட்டுப் போகவில்லை.

தெருவில் படுப்பவர்களைப் பார்க்க ஒரு நர்ஸம்மா வேர்த்த முகத்தோடு வருவார். ஒவ்வொரு தடவையும் அட்டைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உட்கார்ந்து கட்டுப் போடுவார்.

“ரோட்டுல எதுக்கும்மா கழட்டுறீங்க?”

“வூட்டுக்குள்ள செருப்போட வந்தா திட்ட மாட்டீங்களாண்ணே?” என்று சிரித்தார். “புண்ணு ஆழமா போவுது. வுட்டா காலையே எடுத்துடுவாங்க. ஆஸ்பத்திரிக்கு வாங்க. அட்ரஸ் கேட்டா, பஸ் ஸ்டாப்பு பின்னாலன்னு சொல்லுங்க.”

போய்ச் சொன்னேன். அப்படியே எழுதிக்கொண்டார்கள். கால் பிழைத்தது.

இப்போது கேண்டீன் வேலை, வடக்குப்பட்டில் வாடகை அறை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதெல்லாம் அவரை நினைக்கிறேன். பெயர் கேட்கத்தான் கூச்சப்பட்டுவிட்டேன்.

மாட்டுப் பொங்கல் அன்று எழுதியது.