ஏஐ எழுதித் தந்த கலியாண ஒப்பந்தம்

கலியாணம் நடக்கும் முன்பே, அது முறிந்தால் யாருக்கு எது என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். சிட்னியின் ஹரிஸ் பார்க்கில் ஓர் இனிப்புக் கடைக்கு மேல்மாடியில் என் சட்ட அலுவலகம். கீழே ஜிலேபி பொரிகிற வாசம் வந்துகொண்டிருக்கும், மேலே வருங்காலத் தம்பதிகள் வீடு உனக்கு, கார் எனக்கு என்று பிரித்துப் பார்ப்பார்கள். முன்பெல்லாம் வெறுங்கையோடு வந்தார்கள். இப்போது ஏஐயிடம் எழுதி வாங்கிய பத்திரத்தோடு வருகிறார்கள், நான் ஒரு கையெழுத்துப் போட்டால் போதுமாம். நீங்கள் டாக்டராகவோ கணக்காளராகவோ இருந்தால் என் வயிற்றெரிச்சல் சொல்லாமலே விளங்கும். பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தபடி.

பெட்டியோடு தாலி

கவினும் நித்யாவும் கோயம்புத்தூர்ப் பக்கம். இருவருக்கும் கணினி வேலை, அதனால் ஏஐ மேல் அசைக்க முடியாத நம்பிக்கை. பத்தொன்பது பக்க ஒப்பந்தத்தை ஸ்பைரல் பைண்டிங் செய்து கொண்டுவந்திருந்தார்கள். முதல் பக்கத்திலேயே 'கலிபோர்னியா மாநிலச் சட்டப்படி' என்று இருந்தது. நாம் இருப்பது சிட்னியில் என்றேன். "அத மட்டும் மாத்திக்கலாம் மேடம்" என்றார் கவின், ஏதோ தபால் முகவரியை மாற்றுவதுபோல.

ஏழாம் பக்கத்தில் தாலி வந்தது. நகைகளைப் பட்டியல் போட்டபோது கட்டப்போகிற தாலியையும் சேர்த்திருக்கிறார்கள். ஏஐக்கு அதுவும் ஒரு சங்கிலிதான். திருமணம் முறிந்தால் மேற்படி ஆபரணத்தை முப்பது நாளுக்குள், பழுதில்லாமல், அது வந்த பெட்டியோடு வாங்கியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எழுதிவைத்திருந்தது. நான் அதைத் தமிழில் உரக்கச் சொன்னேன். கவின் தரையைப் பார்த்தார். நித்யா கேட்டார்: "அப்போ பொட்டியத் தூக்கிப் போட்டுடக் கூடாதா மேடம்?"

ஒருவர் வெளியே

இனி நான் சொல்லப்போவதெல்லாம் ஒரே சோடியைப் பற்றி. செல்வராசா அண்ணைக்கு வயது அறுபத்தொன்று. பஸ் ஓட்டுகிறார். மனைவி இறந்து ஆறு வருடம். மெரிலேண்ட்ஸில் மூன்று அறை வீட்டில் தனியாக இருக்கிறார். ஒரே மகன் மெல்பேர்னில். வசந்தி அக்காவுக்கு ஐம்பத்தைந்து. இலங்கையிலிருந்து படகில் வந்து, வருடக்கணக்காகத் தற்காலிக விசாவில் இழுபட்டு, போன வருடம்தான் நிரந்தர விசா கிடைத்தது. ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. பென்டில் ஹில்லில் ஒரு குடும்பத்தோடு வாடகைக்கு ஓர் அறை. அண்ணையின் பஸ்ஸில் தினமும் ஏறி இறங்கியதில் ஏற்பட்ட பழக்கம் இந்த இடத்துக்கு வந்து நிற்கிறது.

இருவரும் கோயிலுக்கு வருவதுபோல் உடுத்திக்கொண்டு வந்தார்கள். நான் வழக்கமான குண்டைப் போட்டேன். இந்த நாட்டுச் சட்டப்படி ஆளுக்கொரு சட்டத்தரணி வேண்டும். இருவரும் தனித்தனியே ஆலோசனை கேட்டு, இரண்டு சட்டத்தரணிகளும் சான்றிதழில் கையெழுத்து வைக்காவிட்டால் ஒப்பந்தம் நிற்காது. அண்ணைக்கு ஒப்பந்தம் எழுதித் தந்த ஏஐ இதைச் சொல்லவேயில்லை. நம்மவர்கள் எதற்கும் கூட்டமாக வந்து பழகியவர்கள், இதைச் சொன்னதும் முகம் வாடிவிடும். "அப்ப நீங்கள் அவவுக்குப் பாருங்கோ, நான் வேற ஆளைப் பிடிக்கிறன்" என்று அண்ணை எழும்பினார். வாசலுக்கு வெளியே இருக்கும் ஒற்றைக் கதிரையில் போய் உட்கார்ந்தார். கதவை நான் சாத்தப் போனபோது எட்டிப் பார்த்துச் சொன்னார்: "தங்கச்சி, நாங்கள் சேரத்தானே வந்தனாங்கள், நீங்கள் ஏன் பிரிக்கிறியள்?"

இல்லாத வழக்கு

அண்ணை ஏஐயிடம் எழுதி வாங்கியதை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். மினுமினுக்கிற ஆங்கிலம். நான் இருபது வருடம் எழுதியும் எனக்கு அப்படி வராது, அந்தக் கடுப்பும் எனக்கு உண்டு. பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு பழைய தீர்ப்பைச் சுட்டிக்காட்டியிருந்தது. கட்சிக்காரர்களின் பெயர், தீர்ப்பு வந்த வருடம், பக்க எண் எல்லாம் சரியாகப் போட்டிருந்தது. தேடினேன். காலையில் தொடங்கி மத்தியானச் சாப்பாட்டையும் விட்டுத் தேடினேன். அப்படி ஒரு வழக்கு நடந்ததே இல்லை. அந்தக் கட்சிக்காரர்கள் பிறக்கவும் இல்லை.

அண்ணைக்குப் போன் பண்ணிக் கொஞ்சம் சூடாகவே பேசிவிட்டேன். அவர் பஸ்ஸைப் பணிமனையில் விட்டுவிட்டு நின்றார்போல, பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டது. "அது எவ்வளவு மரியாதையாக் கதைச்சது தெரியுமோ" என்றார். மரியாதையாகப் பொய் சொல்பவர்களை நான் கோர்ட்டில் நிறையப் பார்த்திருக்கிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. எஞ்சின் சத்தம் நின்ற பிறகு சொன்னார்: "ஆறு வருசமா அந்த வீட்டுக்குள்ளை நான் கேட்டதுக்கு மறுமொழி சொன்னது அது ஒண்டுதான், தங்கச்சி."

பதினான்கு நாள்

அடுத்த சனிக்கிழமை வசந்தி அக்காவுக்கு ஒப்பந்தத்தை விளக்க வேண்டியிருந்தது. கொண்டுவந்து விட்டவர் அண்ணைதான், ஆனால் உள்ளே வர முடியாது. வெளிக்கதிரையில் இருந்தார். அக்காவுக்குச் சட்ட ஆங்கிலம் வாசிக்க வராது. ஒவ்வொரு பிரிவாக நான் தமிழில் சொல்லச் சொல்ல "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். வீடு அண்ணைக்கும் அவர் மகனுக்கும், ஓம். சேமிப்பில் பங்கு இல்லை, ஓம். "எனக்கு அவரின்ரை காசு வேண்டாம் தங்கச்சி, அந்தப் பிள்ளை தன்ரை தாயின்ரை வீடெண்டு நினைக்கிறது சரிதானே" என்றார். இடையில், தான் பார்த்து வைத்திருக்கும் திரைச்சீலையைப் பற்றியும் சொன்னார். இந்த நாட்டுக்கு வந்து ஏழு அறை மாறியிருக்கிறாராம். ஏழிலும் குசினி மற்றவர்களுடையது. சமைத்து முடித்ததும் தன் சட்டி பானையைக் கழுவித் துடைத்து அறைக்குள் கொண்டுபோய்க் கட்டிலுக்குக் கீழே வைக்க வேண்டும். ஒரு சட்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டுப் போய்ப் படுக்க வேண்டும், அவருடைய ஆசை அவ்வளவுதான்.

பதினெட்டாம் பிரிவுக்கு வந்தேன். கணவர் இறந்தால் மனைவி பதினான்கு நாளுக்குள் தன் உடைமைகளை எடுத்துக்கொண்டு வீட்டைக் காலி செய்ய வேண்டும். இதையும் சொல்வதற்குத்தான் என்னை வைத்திருக்கிறார்கள், சொன்னேன். அக்கா தலையாட்டவில்லை. கைப்பையை வாரைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். இதில் கையெழுத்து வைக்கவே வேண்டாம், நான் விடமாட்டேன் என்றேன். அவர் கேட்டது வேறு: "அப்ப இது எட்டாவது அறை, என்ன தங்கச்சி?"

கடைசி இரண்டு பக்கம்

தண்ணீர் எடுத்துவர நான் எழும்பினேன். திரும்பி வந்தபோது அக்கா அந்தத் தாள்கட்டைத் தானே புரட்டி, கடைசி இரண்டு பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தார். அவை தமிழில் இருந்தன. ஒப்பந்தத்தின் மொழிபெயர்ப்பாக்கும் என்று நினைத்து நான் அவற்றை வாசிக்காமலே விட்டிருந்தேன். சட்டத்தரணி செய்யக்கூடாத தவறு, ஒத்துக்கொள்கிறேன். உண்மையில் அது அண்ணையும் ஏஐயும் பேசிய பேச்சு. மனிதர் எல்லாவற்றையும் ஒன்றாக நகல் எடுத்து அனுப்பியிருக்கிறார்.

அண்ணை கேட்டிருந்தார்: நான் செத்தாப்பிறகும் அவ அந்த வீட்டிலைதான் இருக்க வேணும், மகனுக்கும் மனம் நோகாமல் ஒரு வழி எழுதித் தா. ஏஐ பதில் சொல்லியிருந்தது: கவலைப்படாதீர்கள், அவருடைய பாதுகாப்புக்காகப் பதினெட்டாம் பிரிவைச் சேர்த்துவிட்டேன். மனிதருக்கு அந்த ஆங்கிலம் விளங்காது, சேர்த்துவிட்டேன் என்றதை அப்படியே நம்பிவிட்டார். அதற்குக் கீழே: அவவுக்கு என்ன நிறம் பிடிக்கும் எண்டு வெக்கமில்லாமல் எப்பிடிக் கேக்கிறது, குசினிக்குப் பெயின்ற் அடிக்க வேணும். அதற்கும் கீழே: இதை வாசிச்சா அவ என்னை விட்டிட்டுப் போயிடுவாவோ? ஏஐயின் பதில்: உங்கள் கவலை புரிகிறது, பதினான்கு நாளை முப்பதாக மாற்றித் தரட்டுமா?

அக்கா விரல் வைத்து, வரி வரியாக, இரண்டு தரம் வாசித்தார். எனக்கு விவாகரத்தாகி எட்டு வருடம். என்னைப் பற்றி ஒருவர் இப்படி ஒரு மெசினிடமாவது கேட்டிருக்கக் கூடாதா என்று மனம் ஏங்கிப்போனது. கட்சிக்காரரைப் பார்த்துப் பொறாமைப்படக் கூடாது, எனக்குத் தெரியும். பட்டேன்.

அக்கா எழும்பிப் போய்க் கதவைத் திறந்தார். இது முறையில்லை, அவர் மறுதரப்பு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அண்ணை கதிரையை விட்டு எழும்பி நின்றார், ஏதோ பிழை செய்து பிடிபட்டவர்போல. "இவ்வளத்தையும் அதுக்குச் சொன்ன நீங்கள், எனக்கு ஒருக்காச் சொல்லியிருக்கலாமே" என்றார் அக்கா. அண்ணை தாள்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகுதான் அவரைப் பார்த்தார். "அது மாட்டன் எண்டு சொல்லாது. நீங்கள் சொல்லலாமெல்லோ."

பச்சை

பிறகு நடந்தது சட்ட வேலை. அண்ணையின் சட்டத்தரணி பரமட்டாவில் இருக்கும் ஓர் இளம்பெண், கெட்டிக்காரி. கலியாணம் நடந்தால் இந்த மாநிலத்தில் பழைய உயில் பொதுவாகச் செல்லாமல் போகும், அதையும் ஏஐ சொல்லியிருக்கவில்லை. கலியாணத்தைக் குறிப்பிட்டே புது உயில் எழுதினார்கள். வீடு கடைசியில் மகனுக்கு, ஆனால் அக்கா உயிரோடு இருக்கும்வரை அதில் வாழலாம், யாரும் வெளியேற்ற முடியாது. மகனிடம் அண்ணையே நேரில் போய்ப் பேசினார். அவன் மறுநாள்தான் சரி என்றானாம். அக்கா வாழும் உரிமையையும் சேர்த்து ஒப்பந்தம் ஆறு பக்கத்துக்குள் அடங்கியது. அழகான ஆங்கிலம் இல்லை, ஆனால் நிற்கும்.

அக்கா கையெழுத்து வைக்க வந்த அன்று மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். 'உயிரோடு இருக்கும்வரை' என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் நிறுத்தச் சொன்னார். வைத்து முடித்ததும் கைப்பையைத் திறந்து, பெயின்ற் கடையில் எடுத்த நிற அட்டை ஒன்றை என் மேசையில் வைத்தார். இளம்பச்சை. அண்ணை மெசினிடம் கேட்காமல் உங்களிடமே நிறத்தைக் கேட்டுவிட்டாரா என்றேன். அக்கா சிரித்தார்: "ஓம் தங்கச்சி, கேட்டவர், ஆனா பஸ்ஸை ஓட்டிக்கொண்டு, முன்கண்ணாடியைப் பாத்துக்கொண்டுதான் கேட்டவர்."

ஆக, வாசகர்களே, ஏஐயிடம் ஒப்பந்தம் எழுதிக் கேட்காதீர்கள் என்று நான் சொன்னால் நீங்கள் கேட்கப்போவதில்லை, ஆனால் அச்செடுக்கும்போது தயவுசெய்து கடைசி இரண்டு பக்கத்தையும் சேர்த்தே எடுங்கள்.