கைதட்டு வாங்கிய மௌனம்

"நாக்க உள்ள போடுங்கம்மா, நான் நெச டாக்டர் இல்ல!"

சந்தையில் பாலாடைக்கட்டி வாங்கப் போனால் ஆன்செல்ம் குர்தோன் யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தொலைக்காட்சித் தொடரில் வருடக்கணக்கில் வைத்தியராக நடித்த பாவம்! பிரான்சின் லியோன் நகரத்துக்கு அவர் இன்னும் டாக்டர்தான். சினிமாவிலும் அவ்வப்போது தலைகாட்டுவார். ஆனால் மனிதருக்கு உயிர், மானம் எல்லாம் மேடைதான்.

அந்த மானத்துக்குத்தான் இப்போது சோதனை. புது நாடகத்தில் அவருக்கு அப்பா வேடம். நதேஜ் என்ற இளம் நடிகை மகள். முதல் நாள் உச்சக் காட்சியில் வசனம் அடியோடு மறந்துபோனது. வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவர் கண்ணில் பீதியைப் பார்த்த நதேஜ், கிட்டே வந்து கன்னத்தைத் தொட்டாள். "மன்னிச்சிடுன்னு சொல்ல வர்றீங்க, அதானே அப்பா?" அவர் பேச வேண்டியதை அவளே பேசிவிட்டாள். சனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

மறுநாள் பத்திரிகை, குர்தோனின் மௌனத்தை வானளாவப் புகழ்ந்தது. அவளைப் பற்றி ஒரு வரி கிடையாது. "தினமும் இதையே செய்யுங்க," என்றார் இயக்குநர். ஆன்செல்ம் தலையாட்டினார்.

அன்று பிடித்தது ஒரு கிறுக்கு. அந்த ஊர் நாடகக்காரர்களுக்கு ஒரு பழைய நம்பிக்கை உண்டு: அரங்குக்குள் 'கயிறு' என்று வாய்தவறியும் சொல்லக் கூடாது, அபசகுனம். சொன்னவர் எல்லோருக்கும் மது வாங்கித் தர வேண்டும். இவர் தினமும் காட்சி முடிந்ததும் வேண்டுமென்றே, "யாருப்பா இந்தக் கயித்த வழியில போட்டது?" என்பார். "போச்சு, டாக்டர் மாட்டிக்கிட்டாரு!" என்று கும்பல் குதிக்கும். எதிரே இருந்த மதுக்கடையில் முதல் குவளை நதேஜுக்கு.

"எத்தன நாளைக்கு இந்தக் கூத்து? உண்மையச் சொல்லிடுங்களேன்," என்றாள் ஒருமுறை.

"சொல்றேம்மா, சொல்றேன்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் புகழும் இனித்துத் தொலைத்ததே!

நேற்று மதுக்கடைக்கே வந்துவிட்டாள் ஒரு பத்திரிகைக்காரி. "அந்த மௌனம் எப்படி சார் தோணிச்சு?"

நதேஜ் பக்கத்தில்தான் நின்றாள். ஆன்செல்ம் தொண்டையைச் செருமினார். சொல்லிவிடத்தான் நினைத்தார்.

"அது... காலமெல்லாம் மேடையில நின்னவனுக்குத் தானா வரும்மா."

காதுமடல்வரை சிவந்துபோனார். பத்திரிகைக்காரி நகர்ந்ததும் அவசரமாகப் பாட்டிலை எடுத்துக்கொண்டு நதேஜிடம் வந்தார்.  அவள் தன் குவளையின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.