ஆடாத பெட்டி

கடையில் அவனுக்கு டமாரம் என்று பெயர். ஹோம் தியேட்டர் விற்கிற கடை அது. வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய்ப் பெட்டிகளை மாட்டி, வயர் இழுத்து, சத்தத்தைச் சரிசெய்து கொடுப்பது அவன் வேலை. பதினெட்டு வருஷமாக இதே பிழைப்பு. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் பையைக் கீழே வைப்பதற்கு முன்பே இரண்டு கையையும் சேர்த்து ஒரு தட்டு தட்டுவான். அந்த ஒரு தட்டிலேயே அறையின் லட்சணத்தைச் சொல்லிவிடுவான். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. கேட்டால் இல்லை என்பான்.

அவனுடைய அக்காவுக்குக் காது கேட்காது. பிறவியிலேயே வந்த குறை இல்லை. முப்பத்து நாலு வயதில் ஒரு விஷக் காய்ச்சல் வந்து, போகும்போது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பேச்சு மட்டும் தங்கிவிட்டது. எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்தே டாண் டாண் என்று பதில் சொல்வாள். "தம்பி டமாரம், அக்கா டமாரச் செவிடு. நல்ல பொருத்தம்தான்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அவள் சொல்லலாம். வேறு யாராவது சொன்னால் தம்பிக்கு முகம் சிறுத்துவிடும். அம்மா அப்பா போன பிறகு அவனை ஆளாக்கியது அவள்தான். தையல் மெஷினை வைத்துக்கொண்டே அவனைத் தொழில் படிக்க வைத்தாள், கல்யாணம் செய்து வைத்தாள். தனக்கு ஒன்று வேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை, அல்லது வந்ததை வெளியே காட்டவில்லை.

காது போன பிறகும் தையலை அவள் விடவில்லை. மோட்டார் வைத்த மெஷின். நூல் அறுந்தால், ஊசி மழுங்கினால் மற்றவர்களுக்குச் சத்தம் மாறும். அவளுக்குப் பலகையில் வைத்த கை சொல்லும், மிதியில் வைத்த கால் சொல்லும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் படம். டமாரமும் மனைவியும் இரண்டு பெண்களும் சோபாவில். அக்கா மட்டும் தரையில், சுவரோரம் இருக்கும் கறுப்புப் பெட்டியில் முதுகைச் சாய்த்துக் கால் நீட்டிக்கொள்வாள். அதுதான் சப்வூஃபர், இடி, வெடி, வண்டி உறுமல் போன்ற அடிச்சத்தம் மட்டும் அதிலிருந்து வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மெல்லிசான பலகையை வெட்டி டமாரம் தன் கையால் செய்தது. படம் ஓடும்போது பெட்டியே குலுங்கும். திரையில் வருவதற்கு முன்னாலேயே அக்கா, "லாரி வருது பாரு" என்பாள். லாரி வரும். பெண்கள் கை தட்டுவார்கள். "முதுகுல கேக்குதுடா" என்று முதல் வருஷமே தம்பியிடம் சொல்லியிருந்தாள். அது அவன் காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. கண்ணெதிரில் இருப்பதைப் பார்க்காமல் இருக்கவும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். அது டமாரத்திடம் தாராளமாக இருந்தது.

அவனுக்கு வேறு கவலை. சோபாவின் ஒரு முனையில் அடிச்சத்தம் மண்டையைப் பிளந்தது, மறுமுனையில் ஒன்றுமே இல்லை. ஊரில் உள்ள அறைகளையெல்லாம் சரிசெய்கிறவன் வீட்டில் இப்படி இருந்தால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா? எதிர்ச்சுவரில் இன்னொரு சப்வூஃபர் வைத்தால் மேடுபள்ளம் சமமாகும் என்று அவனுக்குத் தெரியும். வாங்கிவிட்டான். புதுப் பெட்டி பாறாங்கல் கனம். முழு வேகத்தில் ஓடும்போது கை வைத்தாலும் அசைவு தெரியாது. அதோடு ஒப்பிட்டால் பழையது தகர டப்பா போல ஆடியது. தொழிலில் அவன் வாய்ப்பாடாகச் சொல்கிற விஷயம் ஒன்று உண்டு: பெட்டி ஆடக்கூடாது, காற்றுதான் ஆட வேண்டும். பெட்டி ஆடினால் அது கோளாறு.

ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து அந்தக் கோளாறைச் சரிசெய்தான். பழைய பெட்டியைத் திறந்து உள்ளே குறுக்கும் நெடுக்குமாகக் கட்டைகளைப் பசை போட்டு இறுக்கினான், பஞ்சு அடைத்தான், அடியில் ரப்பர் வைத்தான். இரண்டு பெட்டி ஆனதால் ஒவ்வொன்றின் சத்தத்தையும் பாதியாகக் குறைத்தான். சோபாவின் இரண்டு முனையிலும் நடுவிலும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தான். மூன்றிலும் ஒரே மாதிரி. சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை அவனுக்கு.

மறுநாள் படம் போட்டான். மனைவி, "நல்லாத்தான் இருக்கு. ஜன்னல் கண்ணாடி ஆடல" என்றாள். அக்கா வழக்கம்போல் சாய்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து முதுகை இன்னும் அழுத்தினாள். பிறகு திரும்பி உள்ளங்கையைப் பெட்டியின் மேல் பரப்பி வைத்தாள். தான் இறுக்கிய நேர்த்தியைத் தடவிப் பார்க்கிறாள் என்று தம்பி நினைத்துக்கொண்டான்.

"எப்படிக்கா?" என்று கையால் கேட்டான்.

"ஜோர்" என்றாள்.

அடுத்த இரண்டு ஞாயிறும் வந்து உட்கார்ந்தாள். மூன்றாவது ஞாயிறு தலைவலி என்றாள். அப்புறம் வருவதே இல்லை. "அக்காவுக்குப் படம் அலுத்துப்போச்சு போல" என்றான் மனைவியிடம். இரண்டு மாதம் போனது. ஒருநாள் வேலை முடிந்து வந்தால் உள்ளறை ஜன்னலோரம் காலியாக இருந்தது. தன்னிடம் தையல் கற்றுக்கொண்டு வெளியூருக்குக் குடிபோகிற ஒரு பெண்ணுக்கு மெஷினைக் கொடுத்துவிட்டாளாம். "கண்ணு முன்ன மாதிரி இல்லடா. போதும்" என்றாள். தம்பிக்கு உள்ளூரச் சந்தோஷம். இனிமேலாவது ஓய்வாக இருக்கட்டும், தன் சம்பாத்தியத்தில் அக்கா உட்கார்ந்து சாப்பிடட்டும் என்று பெருமையாகவும் இருந்தது. அதை அவன் பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் தன்னைத் தானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

புதுப் பெட்டி வந்த ஏழாவது மாதம், டார்ச்சுக்கு பேட்டரி தேடி அக்காவின் அலமாரியைத் திறந்தான். மாத்திரை அட்டைகள் கத்தையாக இருந்தன. எடுத்துக்கொண்டு போய் அவள் எதிரில் நின்றான்.

"இது என்னக்கா?"

"நரம்புக்கு."

"நரம்புக்கு என்ன?"

சொல்ல வேண்டாம் என்றுதான் முதலில் பார்த்தாள். அவன் நகரவில்லை.

"உடம்பு மரத்துப்போச்சுடா. காது போனப்பகூட முதுகு இருந்துச்சு, கை இருந்துச்சு. இப்ப அதுவும் போகுது. உன் பெட்டில சாஞ்சா ஒண்ணுமே தெரியல. அப்புறம் மெஷின்ல கை வச்சாலும் ஓடுதா, நூல் அறுந்துடுச்சான்னு ஒரே சந்தேகம். அடுத்தவங்க துணிய ரெண்டு தடவ பாழாக்கிட்டேன். டாக்டர்கிட்ட போனேன். வயசாகுது, அப்படித்தான் இருக்கும்னாரு."

"எப்பலேருந்து?"

"நீ புதுப் பெட்டி வாங்கினியே, அன்னிலேருந்து."

டமாரம் கூடத்துக்குப் போனான். பழைய பெட்டியைப் புரட்டிப் போட்டு ஸ்குருவைக் கழற்றினான். பசை விடவில்லை, நன்றாகத்தான் ஒட்டியிருந்தான் மகராசன். சுத்தியலால் அடித்துக் கட்டைகளைப் பெயர்த்தான். பலகை ஓரத்தில் பிளந்தது, விரலில் சிராய் ஏறியது. மனைவி ஓடிவந்து, "என்னங்க, பைத்தியம் பிடிச்சிருச்சா?" என்றாள். பஞ்சைப் பிடுங்கி எறிந்தான். ரப்பரை உருவினான். புதுப் பெட்டியின் வயரைக் கழற்றிவிட்டுப் பழையதை மூடி, படத்தைப் போட்டுச் சத்தத்தை முழுசாகத் திருப்பினான். அக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து தரையில் உட்கார வைத்தான்.

அவள் சாய்ந்தாள். திரையில் வெறும் தெரு. யாரும் இல்லை.

"லாரி" என்றாள்.

சொல்லிவிட்டுக் கையைத் தூக்கிப் பெட்டியில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். பிறகு தம்பியின் உதட்டைப் பார்த்துக்கொண்டே, "அப்ப எனக்கு ஒண்ணும் ஆகலையா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் ஆகலக்கா. நான்தான் பெட்டிய ஆடாம பண்ணிட்டேன்."

ஒரு தடவை சொன்னது போதவில்லை. இரண்டாவது தடவை மெதுவாகச் சொன்னான். அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவள் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அவள் திட்டவே இல்லை.

"மெஷின திருப்பிக் கேக்கறேன். நானே போய் வாங்கிட்டு வர்றேன்" என்றான்.

"சும்மா இரு. அந்தப் பொண்ணு அத வச்சுத்தான் ரெண்டு பிள்ளைங்களுக்குச் சோறு போடறா. குடுத்தத எப்படிடா கேக்கறது?"

"புதுசு வாங்கித் தர்றேன்."

"வாங்கு" என்றாள். குரலில் ஆசை இல்லை. "என் கைக்குப் பழகின மெஷின்டா அது. அதோட ஒவ்வொரு நடுக்கமும் எனக்குத் தெரியும். இனிமே புதுசு ஒண்ணோட ஆரம்பத்துலேருந்து பழகணும். பார்ப்போம்."

மனைவி சிதறிக் கிடந்த பஞ்சைப் பொறுக்கிக்கொண்டே, "எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி" என்றாள். அக்கா குனிந்திருந்தாள், அது அவளுக்குத் தெரியவில்லை. தம்பி அவள் முழங்காலைத் தொட்டு நிமிர வைத்து அதையே கேட்டான்.

"ஏழு மாசம் ஏன்கா சொல்லல? பெட்டில ஏதோ கோளாறுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அன்னிக்கே பார்த்திருப்பேனே."

அக்கா இதென்ன கேள்வி என்பது போல அவனைப் பார்த்தாள்.

"நீ செஞ்சதாச்சேடா. நீ செஞ்ச பெட்டி தப்பா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. என் உடம்புதான் தப்புன்னு நெனச்சேன்."

இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அவள் முகத்துக்கு நேராக நின்றுதான் சொல்ல வேண்டும். அப்போதுதான் அவளுக்குத் தெரியும். டமாரத்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.