உச்சந்தலையில் ஒரு பிளாஸ்டர்

எனக்குப் புத்தி மட்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடி முளைக்க டாக்டரம்மா கொடுத்த மருந்துப் பிளாஸ்டரை, தலை நிறையத் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டு அதன்மேல் ஒட்டியவன் நான். ஊசி நோகாமல் இறங்கட்டுமே என்றுதான்.

தபால் முத்திரை அளவு பிளாஸ்டர். அடியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத குட்டி ஊசிகள். மருந்தையே ஊசியாக வார்த்திருக்கிறார்கள். காய்ந்த தலையில் வைத்து அமுக்கினால் தோலுக்குள் இறங்கிக் கரைந்துவிடும். ஹட்டன் டவுனில் டாக்டரம்மா இதைப் பொறுமையாக விளக்கியபோது, நான் சுவரில் இருந்த சுருட்டைமுடிக்காரன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வழுக்கிய பிளாஸ்டர் கம்பளித் தொப்பிக்குள் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு மருந்து குடித்தது தொப்பிதான். அதற்கும் இன்னும் முளைக்கவில்லை.

வீட்டுக்காரி சிரித்து முடித்து, அடுத்த தடவை தானே ஒட்டிவிட வந்தாள். தேயிலைக் கொழுந்தெடுத்து வந்த களைப்போடு என் தலையைத் துடைத்து, கறை படிந்த கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்தாள். கீழே விழுந்த உறையை எடுக்கக் குனிந்தபோது தலைத்துண்டு நழுவியது. கூடைக்கயிறு மாட்டுகிற உச்சியில், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் தெரிந்தது. சட்டென்று துண்டை இழுத்துவிட்டாள்.

குளிருக்கென்று சொல்லித்தான் வீட்டுக்குள்ளும் துண்டு கட்டியிருந்தாள். பூ வாங்கிக் கொடுத்தால் சாமிக்கே வைத்துவிடுவாள். பக்தி முற்றிவிட்டது என்று நானும் ஊரெல்லாம் கேலி பேசியிருக்கிறேன்.

டாக்டரிடம் வரமாட்டேன் என்றாள். இந்த வயதில் யார் பார்க்கப்போறாங்களாம். நான் பார்ப்பேன் என்றேன். அடுத்த தடவை றொசல்ல ஸ்டேஷனில் என்னோடு ஹட்டன் ரயில் ஏறினாள்.

கயிறு இழுத்து இழுத்து வந்தது இது என்றார் டாக்டரம்மா. எல்லா வேரும் சாகவில்லை, ஆனால் கயிறு அதே இடத்தில் அழுத்தினால் எந்த ஊசியாலும் பலனில்லை. அவளுக்கு வேறு பிளாஸ்டர் எழுதினார். என்னுடையதைப் பங்கு போடக்கூடாது என்பதை என்னைப் பார்த்துத்தான் சொன்னார். முகத்திலேயே தெரிந்திருக்கும் போல.

கூடையைத் தோளில் மாட்ட, பழைய சாக்கில் இரண்டு பட்டி தைத்துக் கொடுத்தேன். ஒன்று நீளம், ஒன்று கட்டை. அவளே பிரித்துத் தைத்துக்கொண்டாள்.

முதல் பிளாஸ்டரை ஒட்டும் வேலை எனக்கு. துண்டை அவளே அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, என் முன்னால் உட்கார்ந்தாள். பிளாஸ்டரை உச்சியில் வைத்தேன். நோகுதா, சுருக்குன்னு இருக்கா, ஓரத்துல பூனைமுடி மாதிரி ஏதோ தெரியுதே என்று வாய் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பேசாம அமுக்குங்க," என்றாள்.